பல் டாக்டருக்குப் பணம் கட்டி முடித்த பிறகு வரும் ‘பாக்கி’: செய்யக் கூடாத தவறுகள்

அம்மா திண்ணையில் உட்கார்ந்து பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. இரண்டு பல்லுக்கு ரூட் கெனால் என்கிற வேர்ச் சிகிச்சை செய்து, மேலே கேப் (பல் உறை) மாட்டி 13 மாதம் ஆகியிருந்தது. அந்தத் தையில்தான் பயமில்லாமல் கிழங்கு கடிக்க ஆரம்பித்திருந்தாள். பேசியது பாளையங்கோட்டையில் நாங்கள் போன பல் கிளினிக்கின் வரவேற்புப் பெண்.

“ஆச்சி, உங்க கணக்குல 4,000 ரூபா பாக்கி நிக்கு. ஜிபே பண்ணிருதியளா?”

“என் மவன் சனிக்கெழம வருவான், தாரேம்மா” என்று சொல்லிவிட்டுக் கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

முதல் தவறு அதுதான். வைத்தியம் பார்த்தவரிடம் கணக்குப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நம் பக்கத்தில் ஒரு கூச்சம் உண்டு. அரிசிக் கடையில் இருபது ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறவர்கள்கூட டாக்டர் என்றதும் பையைத் திறந்துவிடுவார்கள். வாய்ப் பேச்சோடு போனால் பெரிய கேடில்லை. அதையே வாட்ஸ்அப்பில் “அடுத்த மாசம் தாரேன்” என்று அனுப்பினால் கதை வேறு. பாக்கி இருப்பதை நீங்களே எழுத்தில் ஒத்துக்கொண்டதாக அதை எடுத்துக்காட்ட முடியும். “சரி, இப்போதைக்கு ஒரு ஐநூறு போட்டு விடுவோம், வாயை அடைச்ச மாதிரி இருக்கும்” என்பது அதைவிட மோசம். 1963 காலவரையறைச் சட்டப்படி, செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டு கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் கையெழுத்தோடு கடனை ஒப்புக்கொண்டாலோ, எழுத்துப் பதிவோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ, அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடத் தொடங்கும். ஐநூறு ரூபாய் வாயை அடைக்காது, திறந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. “வருசம் ஒண்ணு ஆச்சுல்லா, இனிமே அவிய கேக்க முடியாது” என்று என் அத்தான் அடித்துச் சொன்னார். முடியும். பாக்கி உண்மையாக இருந்தால் 13 மாதம் கழித்தும் கேட்கலாம். ஆகவே நாள் கணக்கை நம்பி போனைத் துண்டிப்பதில் லாபமில்லை.

பிறகு என்னதான் சொல்வது? “எந்தத் தேதியில், எந்தப் பல்லுக்கு, என்ன வேலைக்கு, மொத்தம் எவ்வளவு, இதுவரை எவ்வளவு வரவு? எழுதி அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்லுதோம்.” இவ்வளவு போதும். ஆமாம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம். ஏமாற்றுகிறீர்களா என்று எடுத்த எடுப்பில் கத்துவதும், கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு வருவதும் கணக்கைத் தீர்க்காது. எதிராளி தன் பேரேட்டைத் திரும்பப் பார்க்கும் மனசைத்தான் கெடுக்கும்.

இப்படிப் பாக்கி முளைப்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. கேப்பில் மெட்டல் செராமிக் ஒரு விலை, சிர்கோனியா அதைவிடக் கூடுதல். முதலில் பேசியது ஒன்று, நடுவில் மாற்றியது ஒன்று என்றால் வித்தியாசம் எங்கேயாவது தொங்கும். அளவெடுத்து லேபுக்கு அனுப்பும் செலவு சேர்த்தியா தனியா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கம்பி கட்டும்போது இன்னும் சிக்கல்: இரண்டு வருஷம் மாதாமாதம் கட்டுவோம், கம்பியைக் கழற்றிய பிறகு பல் நகராமலிருக்கப் போடும் ரீடெய்னருக்குத் தனிக் காசு என்று கடைசியில் சொல்வார்கள். இவையெல்லாம் போக, நம்மூருக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரசீது விஷயத்தில் நாங்கள் செய்த தவறைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மொத்தம் 14,000 என்று பேச்சு. முன்பணம் 4,000 ரொக்கம், நடுவில் 5,000, கேப் மாட்டிய அன்று ஜிபேயில் 5,000. அம்மா எல்லாக் காகிதத்தையும் டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலை மடிப்புக்குள், ரசகற்பூர உருண்டையோடு பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால் இரண்டாம் ரசீது வெள்ளை வெளேரென்று இருந்தது. சூட்டில் எழுத்து தெரியும்படி அச்சடிக்கிற தெர்மல் தாள் அது. நம்மூர் வெயிலில் அது ஒரு கோடை தாங்குவதே அதிகம். வாங்கின நிமிஷமே படம் பிடித்திருக்க வேண்டும். முன்பணத்துக்கோ ரசீதே இல்லை. வரவேற்பில் இருந்த பெண் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டதோடு சரி.

ரசீது கேட்பது அவமரியாதை அல்ல. பில்லோ ரசீதோ தராமல் இருப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்றே சொல்கிறது.

எங்களைக் காப்பாற்றியது தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம். பால் கணக்கு, கேஸ் வந்த நாள் இவற்றுக்கு நடுவே அம்மா பென்சிலில் எழுதியிருந்தாள்: “பல்லு டாக்டர் 4000 குடுத்தாச்சு.” தேதியும் இருந்தது. நாமே எழுதியது தனியாகப் பெரிய சாட்சி ஆகாது. ஆனால் அதே நாள் காலையில் முருகன்குறிச்சி ஏடிஎம்மில் 5,000 எடுத்ததற்கு வங்கிப் பாஸ்புக்கில் பதிவு இருந்தது. இரண்டும் சேர்ந்ததும் பேச்சுக்குக் கனம் வந்துவிட்டது. ஜிபேயில் கட்டியதற்கு அந்த 12 இலக்கக் குறிப்பு எண்ணே போதும்.

போனில் சொல்லும் எண்ணுக்கு அப்படியே பணம் அனுப்புவது இன்னொரு தவறு. பேசுகிறவர் கிளினிக்கை விட்டு நின்றுபோன ஆளாகவும் இருக்கலாம், உங்கள் பெயரும் பல்லின் கதையும் எப்படியோ தெரிந்துகொண்ட திருடனாகவும் இருக்கலாம். பழைய ரசீதில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். போகிற போக்கில் இன்னொன்று: பாக்கி ஜிஎஸ்டிக்காக என்று சொன்னால் நிதானியுங்கள். சொத்தைப் பல்லுக்கு ரூட் கெனால் போன்ற சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அழகுக்காக மட்டும் செய்துகொள்வது வேறு.

பேசியும் எழுதியும் தீராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. சென்னையில் வைத்தியம் பார்த்திருந்தாலும் குடியிருக்கும் ஊரிலேயே, நெல்லையிலேயே, புகார் கொடுக்கலாம். இதற்குக் கெடு 2 ஆண்டு. 4,000 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், முதலில் நேரில் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நாங்கள் சனிக்கிழமை போனோம். காலண்டர் அட்டையையும் பாஸ்புக்கையும் மேஜைமேல் வைத்ததும், டாக்டரே அந்தச் சின்ன நோட்டைத் தேடி எடுக்கச் சொன்னார். அன்றைய தேதியில் “இசக்கியம்மாள், 4,000 அட்வான்ஸ்” என்று தெளிவாக இருந்தது. ஊர் பெயர் இல்லை. நம் பக்கத்தில் ஒரு தெருவுக்கு இரண்டு இசக்கியும் மூன்று சுடலையும் இருக்கும்போது வெறும் பெயரை வைத்து என்ன செய்வது? கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண் அதைக் கிருஷ்ணாபுரத்து இசக்கியம்மாள் கணக்கில் வரவு வைத்திருந்தாள்.

டாக்டர் மன்னிப்புக் கேட்டார். நான் விடவில்லை. லெட்டர்ஹெட்டில் “மொத்தம் 14,000 பெறப்பட்டது, பாக்கி ஏதும் இல்லை” என்று தேதியோடு எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டேன். கேப் மாட்டிய அன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டியது அது.

பஸ் ஸ்டாப் வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “அப்பம் அந்தக் கிருஷ்ணாபுரத்து இசக்கிக்கு இனிமே போன் போடுவாவளோடே?”