ஹார்ட்னர், பால் உறையவைக்கும் அமிலம் அல்ல

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டறைகளில் வேலை செய்யும் எங்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் ஊற்றி உறையவிடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அமிலம் கூடினால் பால் சீக்கிரம் கட்டியாகும். எபோக்சி என்பது ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் என்ற இரு திரவங்களைக் கலந்து பூசும் சரக்கு. அதன் டப்பாவைத் திறக்கும்போதும் அதே நினைப்பு: "இன்னும் கொஞ்சம் ஹார்ட்னர் ஊத்துங்கண்ணே, மழை வர்றதுக்குள்ள இறுகிடும்!"

இறுகாது. அமிலம் ரப்பர் துகள்களின் மின்னூட்டத்தைக் குலைத்து அவற்றைத் திரளவைக்கும், வேலை அத்தோடு சரி. ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் அப்படியல்ல; ரெசினோடு கைகோத்து, இறுகும் வலையில் தானும் ஒரு பாகமாகிவிடும். அமீனில் நைட்ரஜனோடு பிணைந்த ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் ரெசினில் ஓர் எபோக்சி வளையம் என்பது கணக்கு. ஹார்ட்னர் கூடினால், மிஞ்சிய அமீனுக்குப் பிடிக்கக் கை கிடைக்காது. வலை தளரும், மேலே பிசுபிசுக்கும். குறைத்து ஊற்றினாலும் கெடும். படகு வேலைக்கு வரும் பாலியெஸ்டர் ரெசினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இறுகவைக்கும் ஊக்கியை வெயிலுக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம்; அது வேறு சரக்கு.

அடுத்தது, அளவு. டப்பாவில் ரெசினும் ஹார்ட்னரும் 2:1 என்றிருந்தால் கன அளவா, எடையா என்று பாருங்கள். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 1.15 கிலோ, ஹார்ட்னர் பெரும்பாலும் 1 கிலோவை ஒட்டியிருக்கும். கன அளவுக் கணக்கைத் தராசில் நிறுத்தால் ஹார்ட்னர் கூடிப்போகும். ஒரு பால்மரப் பலகை மேசையை நான் இப்படித்தான் கெடுத்தேன். மூன்றாம் நாளும் விரல்ரேகை பதிந்தது. மேலே இன்னொரு பூச்சு போட்டுப் பார்த்தேன், வீண். சுரண்டித்தான் எடுத்தேன்.

வாளியில் மொத்தமாகக் கலக்காதீர்கள். இந்த வினை சூட்டைக் கக்கும், சூடு வினையை விரட்டும். 10 டிகிரி கூடினால் வேலை நேரம் ஏறக்குறையப் பாதியாகும். நம் ஊர் மத்தியான வெயிலில் வாளி புகையக்கூடக் கூடும். கலந்ததும் அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள்.

மழை பெய்த சாயங்காலம் பூசினால் மறுநாள் மெழுகு போல வெண்படலம் படியலாம். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் அமீனோடு சேர்ந்த விளைவு அது. எடுத்தவுடன் மணல்தாள் போடாமல், முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுங்கள்.

கோயில் வாசலுக்குப் பெயர்ப்பலகை கேட்டு வருகிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் எபோக்சி மஞ்சளாகும், நாளடைவில் சுண்ணாம்பாக உதிரும். மேலே புற ஊதாவைத் தாங்கும் பாலியூரிதேன் பூச்சு அவசியம். சாதாரண வெப்பத்தில் இறுகியது பெரும்பாலும் 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். தகரக் கூரைக்கடியில் பாரம் தாங்க அதை நம்பாதீர்கள்.

கையில் பட்ட ரெசினைத் தின்னரால் துடைப்பது எல்லாவற்றிலும் மோசம். தின்னர் அதைத் தோல் வழியே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நைட்ரைல் கையுறை போடுங்கள், பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் விடாது. என் பழைய கூட்டாளி இப்போது பலகை அறுத்துக் கொடுப்பதோடு சரி. ரெசின் டப்பா திறக்கும் முன்பே மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.