கிரேட் டேன் குட்டி வளர்ப்பு: முதன்முறையாக வளர்ப்பவர்களுக்கு

கிரேட் டேன் என்ற நாயினத்தின் பெயர் டென்மார்க்கை நினைவூட்டினாலும், இந்த இனம் உருவானது ஜெர்மனியில்தான். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்ட பெருநாய்களின் வழியில் வந்தது. வளர்ந்த ஆண் நாய் தோள்வரை 80 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். எடை 60 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஆயுளோ பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள்தான். இதற்கெல்லாம் மனம் ஒப்பிய பிறகே குட்டியை வாங்குங்கள்.

முதலில் அதன் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தால் அருகில் வந்து, உடம்பின் பாரம் முழுவதையும் உங்கள் தொடைமேல் சாய்த்துக்கொண்டு நிற்கும்; நீங்கள் நகர்ந்தால் அதுவும் ஓர் அடி நகர்ந்து மறுபடி சாயும். மனிதரை இவ்வளவு ஒட்டி வாழும் நாயை வாசலில் சங்கிலியால் கட்டிப்போடுவது கொடுமை என்றே நான் சொல்வேன். அதற்கு வீட்டுக்குள் இடமும், முழங்கை காய்ப்புக் காய்க்காமலிருக்கத் தடித்த மெத்தையும் தேவை.

அடுத்து, குட்டி வந்த வாரத்திலேயே பழக்கத் தொடங்குங்கள். மேலே தாவும்போது முகம் திருப்பிக்கொண்டு, நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவிக்கொடுங்கள். அதட்டினால் ஒடுங்கிப்போகும் இனம் இது.

மூன்றாவது வளர்ச்சி. பிறக்கும்போது ஒரு கிலோகூட இல்லாத குட்டி, ஒரு வயதுக்குள் 50 கிலோவைக்கூடக் கடந்துவிடலாம். எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் சிரப் ஊற்றுபவர்கள் நிறையப் பேர். ஆனால் மிகுதியான கால்சியத்தைத் தடுத்து வெளியேற்றும் திறன் குட்டியின் உடலுக்கு இல்லாததால், எலும்புகள் கோணலாக வளர அதுவே காரணமாகிவிடும். பேரின நாய்க்குட்டிகளுக்கென்றே தயாரான உணவைக் கொடுத்து, தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு மெலிவாகவே வளர்த்து வாருங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய் விரியுங்கள். ஒன்றரை வயதுவரை நீண்ட ஓட்டம் வேண்டாம்.

நான்காவதுதான் உயிர்ப் பிரச்சினை. ஆழ்ந்த மார்பு கொண்ட இந்த இனத்தில் சில நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, முறுக்கிக்கொண்டு, சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். ஒரே வேளையில் வயிறு நிறையப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள்; உண்ட பின் ஒரு மணி நேரமாவது ஓடவிடாதீர்கள். நாய் வாந்தியெடுக்க முயன்றும் நுரையைத் தவிர எதுவும் வராமல், எச்சில் ஒழுக, படுக்க முடியாமல் நடைபோட்டு, வயிறு முரசுபோல் இறுகியிருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதைக் குட்டி வரும் முன்பே விசாரித்து வையுங்கள். கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிட்டால் முறுக்கிக்கொள்ளும் அபாயம் வெகுவாகக் குறையும். அதைப் பற்றி மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.