பினாங்கிலிருந்தே அந்தமான் கடலின் ஆழத்தை அளந்து பார்க்கலாம்: பழைய பதிவுகளைப் படிக்கும் முறை

பினாங்கைச் சுற்றியுள்ள கடல் ஆழமற்றது. ஆழம் கூடக்கூட வெப்பமும் உப்பும் எப்படி மாறுகின்றன என்று பார்க்க, வடமேற்கே அந்தமான் கடலுக்குப் போக வேண்டும். கப்பல் தேவையில்லை, கணினி போதும்.

முதலில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா பராமரிக்கும் உலகக் கடல் தரவுத்தளத்தை இணையத்தில் திறவுங்கள். இலவசம்தான். வடக்கு 7 முதல் 9 பாகை, கிழக்கு 95 முதல் 97 பாகை என எல்லை கொடுங்கள். வெப்பநிலை, உப்புத்தன்மை இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஆண்டை 1960இலிருந்து தொடங்குங்கள். சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணங்கள் நடந்த காலம் அது. மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் கோப்புக்கான இணைப்பு வந்துவிடும்.

அடுத்து, எண்களைத் தொடும் முன் எந்தக் கருவி அளந்தது என்று பாருங்கள். இதைத் தவறவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். அக்காலத்தில் ஆழத்து நீரைப் பிடிக்க, வெப்பமானி பொருத்திய நான்சென் புட்டிகளைக் கம்பியில் கட்டி இறக்கினார்கள். மேலிருந்து ஓர் எடையைக் கம்பி வழியே நழுவவிட்டால் அது புட்டியைத் தட்டிக் கவிழ்க்கும். நீர் உள்ளே அடைபடும். வெப்பமானியின் பாதரசம் அந்த நொடியிலேயே அறுந்து, அந்த ஆழத்தின் வெப்பத்தைக் காட்டியபடி நிற்கும். எத்தனை நேர்த்தியான ஏற்பாடு! 1960களின் பிற்பகுதியில் பரவிய எக்ஸ்பிடி என்ற, கடலில் விழவிட்டு வெப்பத்தை அளக்கும் கருவியோ ஆழத்தை அளப்பதே இல்லை. விழும் நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. பல கருவிகள் கணக்கைவிட வேகமாக விழுந்ததால், பதிவான ஆழம் உண்மையைவிடக் குறைவு. 1995இல் சமன்பாடு திருத்தப்பட்டது. எக்ஸ்பிடி பதிவில் உப்பு அளவும் இராது. எனவே தொடக்கத்தில் புட்டிப் பதிவுகளையும், உப்பு, வெப்பம், ஆழம் மூன்றையும் அளக்கும் மின்னணுக் கருவியான சிடிடியின் பதிவுகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை ஓஷன் டேட்டா வியூ என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, ஆழத்தைச் செங்குத்து அச்சில், கடல்மட்டம் மேலே வரும்படி வரையுங்கள். மேற்பரப்பில் 28 முதல் 30 பாகை செல்சியஸ் இருக்கும். ஐராவதி, சல்வீன் ஆறுகளின் நன்னீர் கலப்பதால் உப்பு 33 அளவில் (ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 33 கிராம்) தொடங்கி, சில நூறு மீட்டருக்குள் 35ஐ எட்டும். 1,500 மீட்டருக்குக் கீழே வெப்பம் ஏறத்தாழ 5 பாகையிலேயே நின்றுவிடும். கடலடி மேடுகள் வங்காள விரிகுடாவின் குளிர்ந்த ஆழ்நீரைத் தடுத்துவிடுகின்றன.

அந்த ஆழத்தில் 12 பாகை என்று ஒரு புள்ளி தென்பட்டால் அதை நம்பாதீர்கள். தரக்குறியைப் பாருங்கள், 0 என்றால் ஏற்கப்பட்டது. சந்தேகமானதை அழிக்காமல் மறைத்து மட்டும் வையுங்கள்.

பின்பு 1960களின் ஒரு பதிவையும் 2000க்குப் பிந்தைய ஒன்றையும் சேர்த்து வரையுங்கள். இரண்டும் ஒரே மாதத்தைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். பருவக்காற்று மாறினால் மேல்மட்ட நீரும் மாறும்.