ஒன்றரை வருஷம் ஓட்டின காரை எக்ஸ்சேஞ்ச்ல விடறது எப்படி (பாலக்காடு பார்டர்காரங்களுக்கு)

புது கார் வாங்கி ஒன்னு ரெண்டு வருஷத்துலயே மாத்த வேண்டி வந்தா என்ன பண்றதுன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்காக எழுதறேன், அதாவது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம், வண்டி நம்பர் கேஎல் 70, ஆனா துணிக்கடை ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் பொள்ளாச்சி இல்லைன்னா கோயமுத்தூர். எங்க அப்பாவுக்கு முட்டி வலி, தாழ்வான சீட்டுல உக்காந்து எந்திரிக்க முடியல, அதனால சின்ன ஹேட்ச்பேக்கைக் குடுத்துட்டு உயரமான வண்டிக்கு மாறினோம். வண்டிய கழுவி வெச்சு காட்டுங்க, சர்வீஸ் புக் எடுத்து வைங்கங்கறதெல்லாம் நான் சொல்லணுமா, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

முதல் படி: வண்டிக்கு இப்ப என்ன விலைன்னு நீங்களே கணக்கு போடுங்க

எல்லாரும் "ஆன்ரோடு பத்து லட்சம் குடுத்து வாங்கினேனே"ன்னு அங்கிருந்துதான் ஆரம்பிக்கறாங்க. அதை மறந்துடுங்க. ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷனுக்குக் குடுத்ததை செகண்ட் ஹேண்ட்ல யாரும் திருப்பித் தர மாட்டாங்க, எக்ஸ்ஷோரூம் விலை மட்டும்தான் கணக்கு. அதுலயும் நீங்க வாங்கின அன்னைக்கு இருந்த விலை வேண்டாம், அதே மாடல் அதே வேரியன்ட் இன்னைக்கு ஷோரூம்ல என்ன விலையோ அதை எடுங்க.

2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி குறைஞ்சது ஞாபகம் இருக்குங்களா, 4 மீட்டருக்குள்ள 1200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதம் பிளஸ் 1 சதவீத செஸ் இருந்தது நேரா 18 ஆயிருச்சு. அதுக்கு முன்னாடி 8.50 லட்சத்துக்கு வாங்கின வண்டின்னா, வரி குறைஞ்சது மட்டும் வெச்சுப் பாத்தாலே புதுசு சுமார் 7.78 லட்சம். உங்க வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடாம நின்னிருந்தாலும் 72 ஆயிரம் போயிருக்கும்.

அதுல இருந்து தேய்மானம் கழிக்கணும். இன்சூரன்ஸ்காரங்க ஐடிவி (பாலிசில வண்டிக்குப் போடற மதிப்பு) போடற டேபிள் இருக்கு: 6 மாசம் வரைக்கும் 5 சதவீதம், ஒரு வருஷம் வரைக்கும் 15, ரெண்டு வருஷம் வரைக்கும் 20, மூணு வரைக்கும் 30, நாலு வரைக்கும் 40, அஞ்சு வரைக்கும் 50. மார்க்கெட் விலை அப்படியே இதும்படி இருக்காது, நல்லா ஓடற மாடலுக்குக் கூட வரும், ஓடாததுக்குக் கொறையும், ஆனா பேச ஆரம்பிக்க இது போதும். 7.78ல 20 சதவீதம் கழிச்சா 6.22 லட்சம். அதனால எவாலுவேட்டர் (பழைய வண்டிக்கு விலை போடற ஆள்) வந்து 6.20 சொன்னா அவன் உங்களை ஏமாத்தலைங்க.

ஆர்சில தயாரிச்ச மாசத்தையும் பாத்துக்குங்க. டிசம்பர்ல தயாராகி ஜனவரியில ரெஜிஸ்டர் ஆன வண்டியை ஒரு வருஷம் கூடுதல் பழசாத்தான் விலை பேசுவாங்க.

ரெண்டாவது படி: லோன் பாக்கி

8 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 84 மாசம்னு வைங்க. இஎம்ஐ சுமார் 12,870 வரும். 18 மாசம் கட்டினா கைல இருந்து போனது 2.32 லட்சம், ஆனா அசல் குறைஞ்சது 1.32 லட்சம் மட்டும்தான், மிச்சம் சுமார் ஒரு லட்சமும் வட்டிக்குப் போச்சு. பாக்கி 6.68 லட்சம். வண்டி 6.20க்கு போனா 48 ஆயிரம் துண்டு விழுது, அதுக்கு மேல லோனை முன்னாடியே அடைக்கறதுக்கு ஃபோர்குளோஷர் சார்ஜ் வேற, அது பேங்க்குக்கு பேங்க் மாறும், 3 சதவீதம்னா ஜிஎஸ்டியோட இன்னொரு 23 ஆயிரத்துச் சொச்சம்.

ஷோரூம்ல "சார் அந்த துண்டையும் புது லோன்ல சேத்துடலாம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. சேக்காதீங்க. கைல இல்லைன்னா வண்டிய இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்க, இதே கணக்குல 36 மாசம் ஆனா பாக்கி 5.17 லட்சம், டேபிள்படி வண்டி 5.44, அப்ப துண்டு விழாது.

மூணாவது படி: ஆர்சில இருந்து பேங்க் பேரை எடுக்கறது

நான் மாட்டிக்கிட்டது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். லோனை அடைச்சுட்டா பேங்க் ஒரு என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கற லெட்டர்) கையெழுத்து போட்ட ஃபார்ம் 35ம் குடுக்கும், அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சா முடியல, பரிவாகன்ல (ஆர்டிஓ வேலைக்கான அரசாங்க வெப்சைட்) ஹைப்போதிகேஷன் டெர்மினேஷனுக்கு, அதாவது ஆர்சில இருந்து பேங்க் பேரை எடுக்க, நம்மதான் அப்ளை பண்ணணும். சரின்னு உக்காந்தா ஓடிபி வரவே இல்ல. பாத்தா வண்டி வாங்கினப்ப ஷோரூம் பையன் அவன் நம்பரையே போட்டு ரெஜிஸ்டர் பண்ணியிருக்கான், அவன் வேலைய விட்டுப் போயி எங்க இருக்கான்னே தெரியல. மொதல்ல மொபைல் நம்பரை மாத்தணும், அதுக்கு சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், அப்புறம் ஆதார். ஆதார்ல பேரு ஆர்சில இருக்கற மாதிரியே இருக்கணும், நம்ம ஆளுங்களுக்கு ஒன்னுல இனிஷியல் முன்னாடி இன்னொன்னுல பின்னாடி, அங்க நிக்கும். நிண்ணுச்சுன்னா பேப்பர் எடுத்துட்டு நம்ம பாலக்காடு மாவட்டத்து சித்தூர் சப் ஆர்டிஓ ஆபீஸ் போறதுதான் வழி. வண்டிய விக்கற எண்ணமே இல்லைன்னாலும் இன்னைக்கே பரிவாகன் போயி உங்க நம்பர்தானான்னு பாத்துடுங்க. மொபைல் ஆப் வேண்டாம், லேப்டாப்ல வெப்சைட்டே எனக்கு நல்லா இருக்கு, ஆப்ல பாதில தொங்குச்சுன்னா பணம் போச்சா இல்லையான்னே தெரியாது.

இன்னொன்னு, பேங்க் குடுக்கற என்ஓசி வேற, ஆர்டிஓ குடுக்கற என்ஓசி வேற. ஆர்டிஓ குடுக்கறதுக்கு ஃபார்ம் 28, அது வண்டி வேற ஸ்டேட்டுக்குப் போனா மட்டும்தான் வேணும்.

நாலாவது படி: பாலக்காடா பொள்ளாச்சியா

கேஎல் வண்டிய பொள்ளாச்சியில எக்ஸ்சேஞ்ச் விட்டா கொறைச்சுத்தான் கேப்பாங்க. அவங்க மேல தப்பு இல்ல, அதை வாங்கற தமிழ்நாட்டு ஆளு என்ஓசி வாங்கி, அங்க லைஃப் டாக்ஸ் கட்டி, டிஎன் நம்பர் மாத்தணும், அந்தச் செலவெல்லாம் உங்க விலையிலதான் கழியும். நாம இங்க 15 வருஷத்துக்கு ஒரே தடவையா கட்டின டாக்ஸுக்கு கேரளாவுக்குள்ள வாங்கறவன்கிட்டதான் மதிப்பு. அதனால பழைய வண்டிக்கு பாலக்காட்டுல ஒரு விலை, பொள்ளாச்சியில ஒரு விலை, ரெண்டும் கேளுங்க.

ரெண்டு இடத்துலயும் மூணு தொகையையும் தனித்தனியா எழுதி வாங்குங்க: பழைய வண்டி விலை, எக்ஸ்சேஞ்ச் போனஸ் (பழசைக் குடுத்துப் புதுசு எடுக்கறதுக்கு மேல தர்ற தொகை), புது வண்டி டிஸ்கவுண்ட். வாயில சொன்னா பழைய வண்டிக்கு 20 ஆயிரம் ஏத்திக் குடுத்துட்டு டிஸ்கவுண்ட்ல அதையே உருவிடுவாங்க. நான் கூகுள் ஷீட்ல போட்டு கடைசில கைல இருந்து மொத்தம் எவ்வளவு போகுதுங்கற ஒரே ஒரு கட்டத்தை மட்டும்தான் பாத்தேன். ஆன்லைன்ல வண்டி வாங்கற ஆப்கள் சொல்ற விலையை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க, ஆள் நேர்ல வந்து ஸ்கிராச் எண்ணினதுக்கு அப்புறம் வர்றதுதான் விலை.

அஞ்சாவது படி: சாவி குடுக்கறதுக்கு முன்னாடி

பேரு மாத்தற ஃபார்ம் 29, 30ல வெறும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டு வந்துடாதீங்க. ஆர்சில பேரு மாறாத வரைக்கும் செலான் உங்களுக்குத்தான் வரும், ஆக்சிடென்ட் ஆனா நஷ்டஈடு கேஸும் ஆர்சில பேரு இருக்கறவங்க மேலதான்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 2023 ஏப்ரல் 1ல இருந்து பழைய வண்டி டீலருக்கு ஆர்டிஓ ஆத்தரைசேஷன் வேணும், அப்படிப்பட்ட டீலர்னா வண்டி ஒப்படைச்சதை ஃபார்ம் 29-C மூலமா பரிவாகன் போர்ட்டல்ல ஏத்தணும், அதுக்கப்புறம் வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. ஏத்தினதைப் பாத்துட்டு சாவி குடுங்க.

இன்சூரன்ஸ்ல என்சிபி (நோ கிளெய்ம் போனஸ்) உங்களோடது, வண்டியோடது இல்ல. முதல் வருஷம் கிளெய்ம் இல்லைன்னா 20 சதவீதம், லெட்டர் வாங்கி புது வண்டி பாலிசில கழிச்சுக்கலாம், மூணு வருஷம் வரைக்கும் செல்லும். ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) பிரீமியத்துல மட்டும்தான் கழியும்.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர், ஆர்சி மனைவி பேர்ல இருக்கு, புது வண்டி தன் பேர்ல எடுத்தா எக்ஸ்சேஞ்ச் போனஸ் வருமான்னு கேட்டிருந்தார். ஒரே குடும்பம்னா பெரும்பாலும் தர்றாங்க, உறவுக்கு ப்ரூஃப் கேப்பாங்க, ஆனா சில இடத்துல பழைய ஆர்சி பேரு மாறின காப்பி வந்த பிறகுதான் போனஸை விடுவிக்கறாங்க, புக்கிங் ஃபார்ம்லயே எழுதி வாங்கிக்குங்க.

இன்னொருத்தர் வண்டி குடுத்த பிறகும் பாம்பாம்பள்ளம் டோல்ல காசு போகுதுன்னு எழுதியிருந்தார். ஃபாஸ்டேக்கை குளோஸ் பண்ணலைன்னா அப்படித்தாங்க. கண்ணாடியில இருந்து கிழிச்சு எடுத்தா மட்டும் பத்தாது, டேக் குடுத்த பேங்க்ல குளோஸ் பண்ண ரிக்வெஸ்ட் போட்டு மிச்சப் பணத்தையும் டெபாசிட்டையும் திருப்பிக் கேளுங்க.