மஹ்வஷின் வாழ்க்கையைத் தமிழில் எழுத முனைவோர்க்கு

வேலூரில் நாங்கள் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், அயல்நாட்டுக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் அரைமணி நேரம் பேசுவது வழக்கம். தெஹ்ரானின் காபரே மேடைகளில் பாடிப் புகழ்பெற்று, 1950களில் திரைப்படங்களிலும் பாடி ஆடிய மஹ்வஷை நான் எடுத்துக்கொண்டேன். அப்போது பட்டறிந்தவற்றை, அத்தகைய பாடகி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுத விரும்புவோர்க்காக இங்கே சொல்கிறேன்.

முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். மஹ்வஷ் என்பது மேடைப்பெயர். ‘மஹ்’ நிலவையும் ‘வஷ்’ ஒப்புமையையும் குறிப்பதால், நிலவையொத்தவள் என்பது அதன் பொருள். இயற்பெயர் மாசூமே அஜீஜி போருஜெர்தி. கடைசிச் சொல், அவர் ஈரானின் லொரெஸ்தான் பகுதியிலுள்ள போருஜெர்த் என்ற ஊரைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டுகிறது. பாரசீக எழுத்தில் குறில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை என்பதால், எழுத்தை மட்டும் பார்த்து உச்சரிப்பை ஊகிக்க முடியாது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருது படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இதற்கு மிகவும் உதவுவார்கள். ஆற்காட்டு நவாபின் தர்பாரில் பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த மண் இது. ஆயினும் அவர்கள் ‘மாசூமா’ என்று படிப்பதை ஈரானியர் ‘மாசூமே’ என்பார்கள். ஈரானிய உச்சரிப்பையே கொள்ளுங்கள்.

அடுத்தது ஆண்டு. ஈரானியச் சூரிய ஆண்டு மார்ச் 21 வாக்கில் பிறக்கிறது. அதை நம் ஆங்கில ஆண்டாக மாற்ற, அந்நாளிலிருந்து டிசம்பர் இறுதிவரை 621ஐக் கூட்டவேண்டும். ஜனவரி முதல் அவ்வாண்டு முடியும்வரை 622ஐக் கூட்டவேண்டும். மஹ்வஷ் கார் விபத்தில் இறந்தது 1339ஆம் ஆண்டு தெய் மாதம் 26ஆம் நாள். தெய் மாதம் டிசம்பர் 22 வாக்கில் தொடங்குவதால், அது 1961 ஜனவரி 16 ஆகிறது. மாதத்தைக் கவனிக்காமல் நான் 1960 என்று அவையில் சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து திருத்த வேண்டியதாயிற்று.

காபரே என்ற சொல்லை விளக்காமல் விடாதீர்கள். அதைக் கேட்டதும் நம்மவர்க்குப் பழைய தமிழ்ப்படங்களில் வில்லனின் விடுதியில் நடக்கும் ஆட்டமே நினைவுக்கு வருகிறது. தெஹ்ரானில், குறிப்பாக லாலெஜார் தெருவில் இருந்த கஃபேக்களும் காபரேக்களும், மக்கள் உண்டு குடித்தபடி பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கண்ட இடங்கள். இவற்றுக்கு முந்தைய வேர் ‘ரூஹௌஜி’ என்ற நாடகத்தில் இருக்கிறது. வீட்டு முற்றத்துத் தொட்டியின்மேல் பலகை பரப்பி அதையே மேடையாக்கித் திருமணங்களில் ஆடியதால் அப்பெயர் வந்தது. அதில் நெடுங்காலம் பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள் என்று சொன்னால், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்த நம் பகுதி வாசகர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இங்கேதான் எழுதுபவரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. ‘மொத்ரெப்’ என்ற சொல்லுக்கு இசையால் மகிழ்விப்பவர் என்றே பொருள். காலப்போக்கில் ஈரானில் அது இழிசொல்லானது. நாம் ‘கூத்தாடி’ என்ற நல்ல சொல்லை வசவாக்கியதும் இதே போன்றதுதான். மஹ்வஷை அந்த இழிவின் கண்ணால் பார்க்காதீர்கள். இரங்கத்தக்க அபலையாகவும் வரையாதீர்கள். அவர் தம் தொழிலில் தேர்ந்தவர். உழைக்கும் மக்களின் பேச்சுமொழியில் பாடி அவர்களை ஈர்த்தவர். ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தார் என்று மக்கள் நம்பினார்கள். அதை மக்களின் நம்பிக்கையாகவே எழுதுங்கள். தொகையோ எண்ணிக்கையோ சேர்த்து மெய்ப்பிக்க முயல வேண்டாம். அந்த அன்பின் அளவை அவருடைய இறுதி ஊர்வலமே காட்டுகிறது: ஆயிரக்கணக்கானோர் திரண்டுவந்து, தெஹ்ரானின் தெற்கே ரேய் நகரிலுள்ள இப்னு பாபவைஹ் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். மக்கள் போற்றிய மல்யுத்த வீரர் தக்தியும் பின்னர் அங்கேயே அடக்கமானார்.

1979 புரட்சிக்குப் பின் காபரேக்கள் மூடப்பட்டதையும், ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனித்துப் பாடுவது தடைசெய்யப்பட்டதையும் ஓரிரு வரிகளில் சொன்னால் போதும். அப்போது அவர் இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வரலாற்றை அவர்மேல் ஏற்றக்கூடாது.

பாட்டைக் கேட்காமல் பாடகியைப் பற்றி எழுதாதீர்கள். ஈரானிய ஆட்டப் பாடல்கள் பெரும்பாலும் ஆறெட்டுத் தாளத்தில் அமைந்தவை; தொடையில் ‘தகிட தகிட’ என்று தட்டிப் பார்த்தால் கை தானாக ஒட்டிக்கொள்ளும்.

எழுதி முடித்ததும், மேடையேறிப் பிழைத்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். செய்யாற்றுப் பக்கத்தில் ஜமா நடத்தும் கூத்து வாத்தியார் ஒருவரிடம் நான் வாசித்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தம்மா பாடினாங்க, சரி. கூட வாசிச்சவங்க யாரு சார்?” என்று கேட்டார். என் கட்டுரையில் ஒரு வாத்தியத்தின் பெயர்கூட இல்லை. வீடு திரும்பி, தோம்பக் என்ற கைம்முரசையும் வயலினையும் பற்றி ஒரு பத்தி எழுதிச் சேர்த்த பிறகே அதை அவையில் படித்தேன்.