நெடுந்தொலைவு டிரையத்லானுக்கு முந்தைய கடைசி நாட்களைப் பதற்றமின்றிக் கழிப்பது எப்படி

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முடிப்பதற்காக, வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் பயிற்சி செய்துவந்த ஒருவருக்கு, கடைசி வாரம் திடீரென்று நேரம் மிஞ்சிப்போன வாரமாக வந்து நிற்கிறது. அந்த நேரத்தை எப்படியாவது பயிற்சியால் நிரப்பிவிடத் துடிப்பதுதான் அந்த வாரத்தின் பெரிய ஆபத்து. ஒரு நீண்ட பயிற்சியின் பலன் உடலில் சேர்வதற்கு ஒரு வாரத்துக்கும் மேலாகிறது. களைப்போ மறுநாளே வந்துவிடுகிறது. ஆகவே இந்த நாட்களில் உருப்படியாகச் செய்யக்கூடியவை இரண்டுதான்: சேர்ந்திருக்கும் களைப்பைப் போக்குவது, போட்டியன்று காலையில் யோசிக்க வேண்டியவற்றையெல்லாம் முன்கூட்டியே முடித்துவைப்பது. இரண்டாவதைச் செய்தவர்களுக்கே முதலாவது கைகூடுகிறது என்பது என் கருத்து. பதறாதே என்று மனத்துக்குச் சொல்லிப் பயனில்லை. டயரைப் பார்த்தாகிவிட்டது, பைகளைக் கட்டியாகிவிட்டது என்று தெரிந்தால் அது தானாகவே அடங்கும்.

டேப்பர் என்று பயிற்சியாளர்கள் சொல்லும் பயிற்சிக் குறைப்பு பெரும்பாலும் போட்டிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பயிற்சியின் மொத்த அளவைப் பாதியளவுக்குக் குறைக்க வேண்டும். ஆனால் வேகத்தையும், வாரத்துக்கு எத்தனை முறை பயிற்சி செய்கிறோம் என்பதையும் அதிகம் குறைக்கக் கூடாது. முழுதாக நிறுத்திவிட்டால் கால்கள் மந்தமாகிவிடுகின்றன. போட்டி ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால், செவ்வாயன்று ஒரு மணி நேரச் சைக்கிள் பயணமும் அதன் நடுவே போட்டி வேகத்தில் சில நிமிடங்களும், புதனன்று அரை மணி நேர நீச்சலும், வியாழனன்று இருபது நிமிட ஓட்டமும் போதுமானவை. வெள்ளிக்கிழமை முழு ஓய்வு எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் மூன்றையும் பத்துப் பதினைந்து நிமிடம் தொட்டுவிட்டு வருவது பலருக்கும் ஒத்துவருகிறது. அந்தப் பயிற்சியை, இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும்.

இந்த வாரத்தில் உடல் சில வேடிக்கைகளைக் காட்டும். இதுவரை வலிக்காத முழங்கால் வலிப்பதுபோல் இருக்கும். தொண்டை கரகரப்பதுபோல் தோன்றும். படியேறினால் தொடை கனக்கும். உடலை உற்றுக் கவனிக்க நேரம் கிடைத்திருப்பதால் எழுகின்ற சந்தேகங்களே இவற்றில் பெரும்பாலானவை. வீக்கம், காய்ச்சல், நடக்கும்போது தொடரும் வலி ஆகியவை இருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். எடைக் கருவியில் ஒரு கிலோவோ அதற்குச் சற்று மேலோ ஏறியிருப்பதைக் கண்டு உணவைக் குறைப்பது இந்த வாரத்தில் செய்யக்கூடிய மோசமான காரியங்களுள் ஒன்று. உண்ட மாவுச்சத்து தசைகளில் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது; அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஏறிய எடையில் பெரும்பகுதி போட்டிக்கான எரிபொருளும் நீருமே.

அந்தக் கிளைகோஜனை நிரப்புவதற்கு, கடைசி ஒன்றரை முதல் இரண்டு நாட்களில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 12 கிராம் வரை மாவுச்சத்து உண்ணும்படி விளையாட்டு உணவியலாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்த வரம்பே 560 கிராம் ஆகிறது. முந்தைய நாள் இரவு ஒரே வேளையில் வயிறு முட்ட உண்டு இதை எட்ட முடியாது. எட்ட முயன்றால் தூக்கமும் கெடும், காலையில் வயிறும் கெடும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வெள்ளைச் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பழச்சாறு என்று சிறுகச் சிறுக உண்டுவந்து, சனிக்கிழமை மதிய உணவைப் பெரிய வேளையாகவும் இரவுணவை இலகுவாகவும் வைத்துக்கொள்வதே நல்லது. நார்ச்சத்து மிகுந்த காய்களையும் பருப்பு வகைகளையும் கடைசி நாளில் குறைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் உடலுக்கு நல்லவைதான், ஓட்டத்தின் நடுவே கழிப்பறை தேடவைப்பவையும் அவைதான். தாகத்துக்கு மேல் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்க வேண்டாம். அளவுக்கு மீறிய நீர் இரத்தத்தில் சோடியத்தின் செறிவைக் குறைத்துவிடும். நெடுந்தொலைவுப் போட்டிகளில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். காபி வழக்கம் உள்ளவர்கள் அதை இந்த வாரம் விட்டுவிட வேண்டிய தேவையும் இல்லை. தலைவலியோடு போட்டிக்குப் போவதில் எந்த லாபமும் கிடையாது.

போட்டிக்கு முந்தைய இரவில் நன்றாகத் தூங்குபவர்கள் குறைவு. அதற்கு முந்தைய நான்கைந்து இரவுகளில் வழக்கத்தைவிட முன்னதாகப் படுத்து தூக்கத்தைச் சேர்த்துவைத்திருந்தால், ஓர் இரவின் தூக்கம் குறைவதால் பெரிய இழப்பு நேர்ந்துவிடாது.

சைக்கிளுக்குத்தான் அதிகக் கவனம் தேவை. போட்டி வாரத்துக்கு முன்பே பழுதுபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். புதிதாகப் பொருத்திய செயினையும் டயரையும் ஒரு பயிற்சியிலாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியில் அடைத்து எடுத்துச் செல்வதாயிருந்தால், பிரிப்பதற்கு முன் சீட்டின் உயரத்தை சீட் கம்பியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த அன்றே பெட்டியைத் திறந்து, சைக்கிளை மீண்டும் பொருத்திவிடுங்கள். ஏதேனும் உடைந்திருந்தால் சரிசெய்ய அப்போதுதான் அவகாசம் இருக்கும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால், ஸ்பேனரை நிமிர்த்திப் பிடித்து முன்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரு பெடல்களும் இறுகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பமிருக்காது. பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். ஹேண்டில்பாரின் அடியில் 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் அங்கே இன்னும் இறுக்கம் தேவை. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் உரசும் ஒலி கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பெடலைக் கையால் சுழற்றியபடியே கியர்களை மெதுவாக மாற்றிச் செல்லுங்கள்; மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது செயினை நகர்த்தும் கியர் மாற்றிக் கருவி சக்கரக் கம்பிகளை நெருங்கினால், அதைத் தாங்கும் ஹேங்கர் பயணத்தில் வளைந்திருக்கக்கூடும். மின்னணு கியர் வைத்திருப்பவர்கள் பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்துவிடுவது நல்லது. இத்தனையும் முடிந்தபின் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்கப்பால் எந்தத் திருகையும் தொடாதிருங்கள்.

பைகளைக் கட்டுவதற்கு, பொருட்களின் பட்டியலைவிட உடுத்தும் வரிசை நன்றாக உதவுகிறது. நீரிலிருந்து எழுந்து வரும் நீங்கள் முதலில் எதைத் தொடுவீர்கள், அடுத்து எதை அணிவீர்கள் என்று உச்சந்தலையிலிருந்து பாதம் வரை நினைத்துப் பார்த்து, ஹெல்மெட், கண்ணாடி, போட்டி எண்ணைத் தாங்கும் பெல்ட், காலுறை, காலணி என்று எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, பின்பு பையில் போடுங்கள். இரவில் எதையோ மறந்துவிட்டோமோ என்று தோன்றினால், எழுந்து பையைக் கலைக்காமல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கால் நகங்களை மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

சனிக்கிழமை போட்டி நடக்கும் இடத்தில் சைக்கிளை ஒப்படைக்கும்போது, வெயிலில் நிற்கும் இடமாயிருந்தால் டயரின் காற்றைச் சிறிது இறக்கிவிட்டு வாருங்கள். முழு அழுத்தத்தில் சூடேறிய டியூப் வெடிப்பதுண்டு. நீச்சல் முடிந்து வெளிவரும் வாசலிலிருந்து உங்கள் சைக்கிள் நிற்கும் இடம்வரை ஒரு முறை நடந்து, எத்தனையாவது வரிசை என்று எண்ணி, பக்கத்திலுள்ள அசையாத ஓர் அடையாளத்தையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சைக்கிளின் நிறத்தை அடையாளமாகக் கொள்ளாதீர்கள்; அதன் உரிமையாளர் உங்களைவிட வேகமாக நீந்தியிருக்கக்கூடும். போட்டி விதிகளை விளக்கும் கூட்டத்தில், வெட்சூட் என்னும் ரப்பர் நீச்சலுடைக்கு அனுமதி உண்டா என்பது, சைக்கிளில் முன்னே செல்பவரிடமிருந்து விட வேண்டிய இடைவெளி, ஒவ்வொரு பகுதிக்குமான கால வரம்பு ஆகிய மூன்றையும் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, விற்பனைக் கடைகளைச் சுற்றி மணிக்கணக்கில் நிற்காமல் அறைக்குத் திரும்பிவிடுங்கள். கண்ணைக் கவரும் புதிய ஆற்றல் ஜெல்லையோ காலணியையோ வாங்கினால் போட்டிக்குப் பிறகு பயன்படுத்துங்கள்.

இலக்கை ஒரே ஒரு நேரமாக வைத்துக்கொள்வது பதற்றத்தைக் கூட்டும். சைக்கிளின் முதல் ஒரு மணி நேரத்தில் எந்த அளவுக்கு மேல் உழைக்க மாட்டேன், மணிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து உண்பேன், எதிர்க்காற்றோ வெயிலோ கடுமையானால் எதைக் குறைத்துக்கொள்வேன் என்று முடிவுசெய்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பயிற்சியில் 60 கிராமுக்குப் பழகிய வயிற்றிடம் போட்டியன்று 90 கிராமை எதிர்பார்க்க வேண்டாம். உடன் வந்திருக்கும் குடும்பத்தாரிடம் எங்கே நிற்பார்கள், முடிந்தபின் எங்கே சந்திப்பது என்பதை முதல்நாளே பேசிவிடுங்கள். கைப்பேசி உங்களிடம் இருக்காது.

போட்டியன்று தொடக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாக எழுந்து, பயிற்சி நாட்களில் உண்ட அதே காலை உணவை உண்ணுங்கள். இறக்கிய காற்றை மீண்டும் ஏற்றி, தண்ணீர்ப் புட்டிகளைப் பொருத்தி, கியர் எளிதான பல்லில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கணுக்காலில் நேரத்தைப் பதிவுசெய்யும் சிப்பைக் கட்டிக்கொள்ளுங்கள். கழிப்பறை வரிசை நீண்டிருக்கும் என்பதால் வெட்சூட்டை அணிவதற்கு முன்பே அதில் போய் நின்றுவிடுங்கள். உடைப் பையை ஒப்படைத்தபின் தொடக்க இடம்வரை வெறுங்காலில் நடக்க வேண்டியிருக்கலாம். தூக்கிப்போட மனம் வரக்கூடிய பழைய செருப்பு ஒன்றைக் கொண்டுபோயிருந்தால், நீரின் விளிம்புவரை அதையே அணிந்திருக்கலாம்.