பழைய தெர்மல் பேஸ்டைப் பத்திரமாகத் துடைத்தெடுப்பது எப்படி?

கணினியின் மூளையான பிராசசரும் அதைக் குளிர்விக்கும் கூலரும் தொடும் பரப்புகள் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் அவற்றில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அங்கே தங்கும் காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். கூலரை ஒருமுறை கழற்றிவிட்டால் பழைய பேஸ்டை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். பழையதன் மேலேயே பூசினால் காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொள்ளும்.

தேவைப்படுபவை: 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரோபைல் ஆல்கஹால் (99 கிடைத்தால் ரொம்ப நல்லது), நூல் பிரியாத மைக்ரோஃபைபர் துணி, சில காட்டன் பட்ஸ். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

1. கூலரைக் கழற்றுதல்

துடைக்கும்போது நடக்கும் சேதத்தைவிட இங்கே நடக்கும் சேதம்தான் அதிகம், அதனால் நிதானம் முக்கியம். முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சூட்டில் பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொண்டால் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போய்விடும்.

ஃபேன் ஒயரைக் கழற்றி, திருகுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அப்புறம் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவியுங்கள். நேராக மேலே இழுக்காதீர்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகை பிராசசர்களில் பின்கள் (மெல்லிய உலோகக் கால்கள்) பிராசசரின் அடியிலேயே இருக்கும். காய்ந்த பேஸ்ட் பசைபோலப் பிடித்திருந்தால், பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பூட்டு போட்டிருந்தாலும் அது கூலரோடு சேர்ந்து வந்து பின்கள் வளைந்துவிடலாம்.

2. துடைத்தல்

பிராசசரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்காமல் அங்கேயே வைத்துத் துடையுங்கள். மேலாக இருப்பதை உலர்ந்த துணியால் வழித்தெடுங்கள். பிறகு துணியை ஆல்கஹாலில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நேராக மதர்போர்டில் ஊற்றக் கூடாது. அடம்பிடிக்கும் இடத்தில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்திருந்தால் பேஸ்ட் தானாக இளகும். கத்தியோ ஸ்குரூடிரைவரோ கொண்டு சுரண்டாதீர்கள். துணி கறுக்காமல் வரும்வரை, ஒவ்வொரு முறையும் சுத்தமான பகுதியால் துடைக்க வேண்டும். கூலரின் அடிப்பரப்புக்கும் இதேதான்.

லேப்டாப்பிலும் கிராபிக்ஸ் கார்டிலும் பெரும்பாலும் சிப்பின் மேல் உலோக மூடி இருக்காது. சிப்பின் மூலைகள் எளிதில் உடையும், சுற்றிலும் குட்டிக் குட்டிப் பாகங்கள் வேறு. அங்கே காட்டன் பட்ஸ் மட்டும், அழுத்தமே இல்லாமல். பக்கத்தில் ரப்பர்போல மெத்தென்று இருக்கும் தெர்மல் பேட்களில் ஆல்கஹால் படாமல் பாருங்கள்.

பேஸ்டுக்குப் பதிலாகப் பாதரசம்போல ஏதாவது பளபளத்தால் உடனே நிறுத்துங்கள். அது லிக்விட் மெட்டல், அதாவது திரவ நிலையிலுள்ள உலோகம். மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி சிதறினால் போர்டே போகலாம். முதல்முறை செய்பவர்கள் அதை அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே சரி.

3. உலரவிடுதல்

ஓரிரு நிமிடத்தில் ஆல்கஹால் ஆவியாகிவிடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கறையோ நூலோ மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், எண்ணெய்ப்பசை ஒட்டும். தொட்டுவிட்டால் இன்னொருமுறை துடையுங்கள். காய்ந்ததும் புதிய பேஸ்டைப் பட்டாணி அளவு நடுவில் வையுங்கள்.